சாமி சேவலுக்கு நான் வாங்கிய தீனி

மாமியார் வீட்டோடு தங்கியிருக்கும் மாப்பிள்ளைக்கு எல்லா மரியாதையும் உண்டு. "தெரியாது" என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. ஃபேன் ஓடவில்லையா, மாப்பிள்ளையைக் கேள். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையா, மாப்பிள்ளையைக் கேள். அவனும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ம்ம்..." என்று யோசிப்பதுபோல் நிற்க வேண்டும். கல்யாணமான முதல் வருடத்தை நான் அப்படி நின்றே ஓட்டினேன். கடைசியில் மாட்டிக்கொண்டது கோழித் தீனியில்தான்.

நான் புதுச்சேரியில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த கோழிகள் எல்லாம் மசாலா தடவிய பிறகு அறிமுகமானவை. மனைவி தேன்மொழிக்குச் சொந்த ஊர் மரக்காணம். அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டேன். மாமனார் கோவிந்தசாமி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். விடிந்தால் உப்புப் பாத்திக்குப் போவார், பொழுது சாய்ந்தால் திரும்புவார். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். (அதை ஊரில் எப்படிச் சொன்னார்கள் என்பது வேறு கதை, வேண்டாம்.)

அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், மூத்த மகளின் பிரசவத்துக்காகக் கடலூருக்குக் கிளம்பினார். நாற்பது நாள் கழித்துத்தான் வருவார். ஒன்பது பெட்டைக்கோழி, ஒரு சேவல், எல்லாம் என் பொறுப்பு.

"ஒன்னும் பெருசா இல்லீங்க மாப்ள," என்றார் அத்தை, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே. "காலைல ஒரு கை கம்பு, ஒரு கை நொய். தொறந்து வுட்டீங்கன்னா அதுங்களே மேஞ்சிக்கும். பொழுது போனா தானா வந்து அடையும்."

இவ்வளவுதான் தீவன சாஸ்திரம். ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மாமா ஒரு வார்த்தை சேர்த்தார்.

"அந்த சேவல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க மாப்ள. எளச்சா மாதிரி இருக்குது. அது ஆத்தாளுக்கு நேந்துகிட்டது."

போன வருடம் உப்பு வாரப்போகிற சமயத்தில் மழை பெய்து, பாத்தியில் விளைந்திருந்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, மாமா மூன்று நாள் பாத்திப் பக்கமே போகவில்லையாம். பிறகு உப்பள ஓரத்தில் இருக்கும் ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டார்: அடுத்த வருடம் முதல் உப்பு வாரும் அன்று சேவல் கொடுக்கிறேன்.

கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சேவலைச் சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். சிலுப்பாவிட்டால் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாமல் மாமா பாத்தியில் உப்பு வாரும் பலகையை இறக்க மாட்டார்.

இதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது. என் காதில் விழுந்தது "எளச்சா மாதிரி இருக்குது" மட்டும்தான்.

மறுநாளே திண்டிவனம் ரோட்டில் ஒரு தீவனக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பாவம், நல்ல மனிதர்.

"இன்னா கோழி சார்? நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா?"

"நல்ல கோழி," என்றேன்.

"குஞ்சா, பெருசா? முட்டை வுடுதா?"

"எல்லாம் இருக்குது."

"மேய வுடறீங்களா, அடச்சி வெச்சிருக்கீங்களா?"

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ம்ம்..." என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வரிசையாக அடுக்கியிருந்த மூட்டைகளைத் தட்டித் தட்டிச் சொன்னார். "இது ஸ்டார்ட்டர், குஞ்சுக்கு. இது குரோயர், வளர்ற கோழிக்கு. இது லேயர், முட்டை வுடற கோழிக்கு. சுண்ணாம்புச் சத்து சேத்திருக்கும். அது ஃபினிஷர், பிராய்லருக்குக் கடைசியா போடறது, வெயிட்டு ஏறும். நாட்டுக்கோழி மேயுதுன்னா உங்களுக்கு இதெல்லாம் வாணாம் சார். கம்பே போதும். வேணும்னா பெட்டைங்களுக்கு மட்டும் லேயர் கொஞ்சம் கலந்து போடுங்க."

வாங்க வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதனால் சந்தேகப்பட்டேன். மேலும், ஸ்டார்ட்டரில் தொடங்கி ஃபினிஷரில் முடிகிறது என்றால் ஃபினிஷர்தானே மேல் படிப்பு? ஒண்ணாங்கிளாஸ் தீனியைக் கொண்டுபோய் மாமனாரின் சேவலுக்கு எப்படிப் போடுவது? பட்டப்படிப்பு முடித்த மூளை இப்படித்தான் வேலை செய்தது.

"ஃபினிஷர் ஒரு மூட்டை," என்றேன் கம்பீரமாக.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றினார்.

அன்றிலிருந்து சேவலுக்கு ராஜ வாழ்க்கை. சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும் அந்தத் தீனியைக் காலி நெய் டப்பா ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவில், டப்பாவை கலகலவென்று ஆட்டுவேன். மேய்ந்தால் ஏறிய எடை இறங்கிவிடும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்தும் வைத்தேன். பெட்டைகளுக்கும் அதே தீனிதான். (பாரபட்சம் பார்க்கக்கூடாது பாருங்கள்.)

இரண்டு வாரத்தில் சேவல் கூவுவதை நிறுத்தியது. எழுந்து நிற்பதையே ஒரு பெரிய முடிவாக எடுத்துச் செய்தது. ஆனால் டப்பா சத்தம் கேட்டால் மட்டும், தூங்கிக்கொண்டிருந்தாலும் கண்ணைத் திறக்கும், எழும், உடம்பு மொத்தத்தையும் ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொள்ளும், அப்புறம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து வரும். நான் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஆபீஸில் பதினேழு பேர் கைதட்டினார்கள்.

"அது சேவலா, சோபாவா?" என்றாள் தேன்மொழி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வெயிட்டு போட்டிருக்கு."

"எங்கம்மா வந்து பாத்துச்சின்னா உன்னையும் எடை போட்டுடும்."

பெட்டைகள் வேறு முட்டையிடுவதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. தினமும் சாயங்காலம் அத்தை கடலூரிலிருந்து போன் செய்து என் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால், "முட்டை வுடுதுங்களா மாப்ள?" என்று விசாரிப்பார். "வுடுது அத்தை, நல்லா வுடுது," என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கிவந்து, மாமா கண்ணில் படும்படி முட்டைக் கூடையில் நிரப்புவேன்.

மாமா மட்டும் பொழுது சாய்ந்து வந்து, அரை வெளிச்சத்தில் சேவலைத் தூக்கிப் பார்ப்பார். "அடேங்கப்பா, இன்னா கனம்! தேத்திட்டீங்க மாப்ள!" என்று முதுகில் தட்டுவார். தட்டத் தட்ட எனக்கு நெஞ்சு விரியும். இந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் நான் நிபுணன்.

மாசி இரண்டாவது வாரத்தில் அந்த நாள் வந்தது. பாத்திகளில் உப்பு பூத்துக் கட்டி வெள்ளையாகக் கிடந்தது. கண் கூசியது. பாத்தி மூலையில் ஆத்தாளாக மூன்று செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பொங்கல் பொங்கியிருந்தார்கள். மாமாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா ஏழுமலை, பூசைக்கு இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவருக்கும் பக்கத்திலேயே பாத்தி. அவர் மனைவி சின்னத்தை, தேன்மொழி, உப்பு வாருகிற பெண்கள் நாலைந்து பேர், எல்லோரும் பலகைகளோடு சுற்றி நின்றார்கள். நான் சேவலைக் கூடையோடு சுமந்து வந்தேன். வழியில் பசித்தால் என்ன செய்வது என்று டப்பாவைப் பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தேன்.

கற்பூரம் ஏற்றினார்கள். சின்ன மாமா சேவலை இறக்கி வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

சேவல் கண்ணை மூடிக்கொண்டது. நல்ல வெயில், பாவம். சில்லென்று இதமாக இருந்திருக்கும்.

இரண்டாவது தடவை தெளித்தார். அது காலை மடித்து உட்கார்ந்தது.

மூன்றாவது தடவை ஒரு சொம்பு தண்ணீரையே முதுகில் ஊற்றினார். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கியேவிட்டது.

மாமா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். அப்போதுதான் சின்னத்தை கிழக்கே பார்த்து, "ஐயோ, கடல் பக்கம் கருத்துக்கினு வருதே," என்றார். எல்லோரும் திரும்பினோம். மேகம் திரண்டிருந்தது.

"உத்தரவு கெடைக்கல," என்றார் மாமா. குரல் உள்ளே போயிருந்தது. "தப்பு நம்ம மேலதான் இருக்குது. யாரு இன்னா பண்ணீங்களோ, ஆத்தா முன்னாடி சொல்லிடுங்க."

சின்ன மாமா தலையைச் சொறிந்தார். "அது வந்துண்ணே... வெரதத்துல இருக்கும்போதே நேத்து பாண்டி போனேன் இல்ல? ஒரே ஒரு பிரியாணி..."

"அட பாவி மனுசா!" என்றார் சின்னத்தை.

"மன்னிச்சிக்கம்மா தாயே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை.

"இன்னும் இருக்குது போல," என்றார் மாமா.

சின்ன மாமா வரப்பைக் காலால் தட்டினார். "வரப்பு கட்டும்போது உன் பக்கம் அரை அடி தள்ளிக் கட்டிட்டேன்."

"டேய்! அரை அடியாடா அது? ஒரு அடி! அளந்து பாத்துட்டுதான்டா சும்மா இருந்தேன்!"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

மாமா செங்கல்லைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "நீ சோறு துன்னப் போறப்பல்லாம் உன் வாய்க்கால் தண்ணிய என் பக்கம் திருப்பிக்கினு இருந்தேன். அதுக்கு இது சரியாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். மறுபடி தண்ணீர். சேவலிடமிருந்து மெல்லிய குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

இதற்குள் அண்ணன் தம்பி இருவர் பாவமும் வெளியே வந்துவிட்டது, காரணமானவன் மட்டும் தோளில் டப்பாவோடு நிற்கிறேன். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் தேன்மொழி முந்திக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அப்பா... காலேஜ் டூருன்னு சொல்லிட்டு மாமல்லபுரம் போனேன் இல்ல? அது டூர் இல்லப்பா. இவரோடதான் போனேன்."

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டவன்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பேரு தெரியாமயா மாப்ள மாமல்லபுரம் போனீங்க?"

உப்பு வாருகிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்த வெட்கக்கேட்டிலும் ஒரு நம்பிக்கை: இதற்காவது சேவல் அசைந்துவிடாதா? சின்ன மாமா தண்ணீர் தெளித்தார். இல்லை.

முதல் தூறல் என் கையில் விழுந்தது.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் பாத்தியையே பார்த்துக்கொண்டு, "போன வருசமும் இப்படித்தான் போச்சு. இந்த வருசமும் வேணாங்கறா. நான் அப்படி இன்னாதான் பண்ணிட்டேன் அவளுக்கு?" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்தார். என்னைப் பார்த்து, "மாப்ள, நீங்க ஒரு மாசத்துக்கு மேல பாடுபட்டு வளத்தீங்க. உங்க உழைப்பும் வீணாப் போச்சு," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, ஆத்தா கோவிச்சிக்கல. யாரும் ஒரு தப்பும் பண்ணல. எல்லாம் நான் போட்ட தீனி."

"இன்னாது?"

"பிராய்லர் கோழிக்குப் போடற தீனி. வெயிட்டு ஏறுமேன்னு போட்டேன். கடைக்காரர் வாணாம்னுதான் சொன்னாரு. மேயவும் வுடல. அதால எழுந்திரிக்க முடியல மாமா, அவ்வளவுதான். பெட்டைங்களும் முட்டை வுடல. முட்டையெல்லாம் அடுத்த தெருவுல வாங்கினது. எனக்குக் கோழியப் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஃபேன் பத்தியும் தெரியாது. மோட்டார் பத்தியும் தெரியாது."

மோட்டாரை யாரும் கேட்கவில்லை. வேகத்தில் வந்துவிட்டது.

"அப்போ இது சிலுப்பவே சிலுப்பாதா?" என்றார் சின்ன மாமா.

"சிலுப்பும்," என்று சொல்லிப் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஆட்டினேன்.

கலகல.

சேவல் கண்ணைத் திறந்தது. எழுந்தது. அதுவரை தெளித்ததும் ஊற்றியதுமான மஞ்சள் தண்ணீரெல்லாம் இறகுக்குள் ஊறிக் கிடந்ததல்லவா? உடம்பை விரித்து ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள். மாமாவின் வெள்ளை வேட்டி, சின்னத்தையின் புடவை, சின்ன மாமாவின் முகம், கற்பூரத் தட்டு, எங்கும் மஞ்சள். கற்பூரம் அணைந்தேவிட்டது. உப்பு வாருகிற பெண்கள் பழக்கத்தில், "ஓம் சக்தி! பராசக்தி!" என்று கத்திவிட்டார்கள்.

"இது செல்லாதுண்ணே," என்றார் சின்ன மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இது டப்பாவுக்குச் சிலுப்புச்சி."

"தண்ணி ஊத்தினது நீதானே? சிலுப்புச்சா இல்லியா?"

"சிலுப்புச்சி. ஆனா..."

தூறல் பெரிதானது. மாமா எழுந்துவிட்டார். மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆத்தா சேவல் மூலமா சொன்னா இன்னா, டப்பா மூலமா சொன்னா இன்னா? அவதானே மாப்ளய டப்பாவோட இங்க வரவெச்சா? பலகைய எறக்குங்கடா!" என்று கத்தினார்.

எல்லோரும் பாத்திக்குள் இறங்கினோம். நானும் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். உப்பு உள்ளங்காலை அறுத்தது. ஒரு அடி வரப்புக்காகச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒரே பாத்தியில் நின்று மூச்சு வாங்க வாரினார்கள். கடைசிக் குவியல்மேல் கீற்றைப் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தபோது மழை சடசடவென்று கொட்டியது. ஓரத்துப் பாத்தி ஒன்று மட்டும் கரைந்தது. மற்றதெல்லாம் தப்பியது. மாமா மழையில் நனைந்துகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது?

சேவல் யாரோ விரித்து வைத்த குடைக்கடியில் உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தது.

"இத இன்னா பண்றது?" என்றார் சின்ன மாமா.

"ஆத்தாளுக்குன்னு வந்துடுச்சி. ஆனா மாப்ள டப்பா ஆட்டித்தான் சிலுப்புச்சி. வெட்ட மனசு வரல," என்றார் மாமா. "வுட்டுடு. ஆத்தா வூட்டு சேவலாவே இருக்கட்டும்."

"தீனி?"

"அதான் மாப்ள இருக்காரே."

அத்தை மறுவாரம் வந்தார். வாசலில் பையை இறக்குவதற்கு முன்பே கோழிகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, யாரு இதுங்களுக்கு நாப்பது நாளா கல்யாண விருந்து வெச்சது?" என்றார். பிறகு மிச்சமிருந்த ஃபினிஷரில் முதலில் கால் பங்கு கம்பு, அப்புறம் அரைப் பங்கு, அப்புறம் முக்கால் என்று கலந்து, கூடையைத் தூக்கி எறிந்து, மேய விரட்டினார். சேவல் இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தது. என் காலடியில் வந்து நின்று நியாயம் கேட்டது. ஒரு மாதத்தில் பெட்டைகள் முட்டையிட்டன. சேவல் கூவியது. லேயர் தீனி கொஞ்சம் வாங்கி வரும்படி அத்தையே ஒரு தடவை சொன்னார். கூடவே, "கடைக்காரரையே கேட்டு வாங்குங்க மாப்ள. நீங்க எதையும் யோசிக்காதீங்க," என்றார்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் நான் எதற்காவது பதில் சொல்லத் தயங்கினால், தேன்மொழி சமையல்கட்டிலிருந்து டப்பாவை ஆட்டுவாள். உறவுக்காரர்கள் யாராவது புதிதாக வந்தால் மாமா என்னை, "இவருதான் எங்க மாப்ள. பேரு தெரியாமலே மாமல்லபுரம் போனவரு," என்று அறிமுகம் செய்துவைப்பார்.

இந்த மாசியிலும் பாத்தி மூலையில் கூடினோம். பொங்கல் வைத்தாயிற்று. கற்பூரம் ஏற்றியாயிற்று. ஆத்தா வூட்டு சேவல் வயசாகி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்றது. வழக்கமாகப் பலகையைத் தானே இறக்குகிற மாமா, அதை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"மாப்ள, இந்த வருசம் மொத உப்பு நீங்க வாருங்க."

பழைய பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"எனக்கு வாரத் தெரியாது மாமா."

மாமா பலகையை வரப்பில் வைத்தார். சின்ன மாமாவின் கையிலிருந்த சொம்பை வாங்கி, மஞ்சள் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தார். தண்ணீர் சில்லென்று முதுகில் இறங்கியது. என்னையறியாமல் உடம்பைச் சிலுப்பிக்கொண்டேன்.

"ஓம் சக்தி! பராசக்தி!" என்றார்கள் எல்லோரும்.

"உத்தரவு கெடச்சிடுச்சி," என்று சொல்லி, பலகையை என் கையில் கொடுத்தார் மாமா.